மில்லுக்காரனுக்குக் குரவை இல்லை

கல்முனைக்குடியில் ஒரு கல்யாணம் நிச்சயமானால் முதலில் யாருக்குச் சொல்லி அனுப்புவார்கள் என்று கேட்டால், ஆண்கள் சமையல்காரருக்கு என்பார்கள். நம்பாதீர்கள். எண்பத்தைந்து, எண்பத்தாறு வாக்கில் முதல் ஆள் போனது சபூறா வீட்டுக்குத்தான். "சபூறா, வாற வெள்ளிக்கிழமை அசறுக்குப் பொறகு மாப்புள வாறார். குரவைக்கு நீ இல்லாட்டிச் சரிவராதுகா" என்று பெண் வீட்டுக்காரி வந்து சொல்லிவிட்டுப் போவாள். அதற்குப் பிறகுதான் ஆடு, அரிசி, பந்தல் என்ற பேச்செல்லாம்.

சபூறா குள்ளமானவள், கறுத்தவள், தலையில் போட்ட முக்காடு ஒரு நிமிடமும் நின்ற இடத்தில் நிற்காது. பகிடி சொல்லத் தொடங்கினால் முடிக்குமுன் தானே சிரித்துவிடுவாள். அதனால் அவள் சொன்ன எந்தப் பகிடியின் முடிவும் இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. ஆனால் நாக்கைச் சுழற்றி ஒரு குரவை போட்டாளென்றால், பெரிய தெருவில் சைக்கிளில் போகிறவன் காலை ஊன்றி நின்று எந்தப் பக்கம் கல்யாணம் என்று பார்ப்பான். இடுப்பில் தூங்கும் அவளுடைய மகன் குரவைக்கு விழிக்கமாட்டான், குரவை நின்றால்தான் விழிப்பான். புதிதாக வந்த மௌலவி ஒருவர், குரவை போடுவது மார்க்கத்தில் இல்லாத வேலை என்று ஒரு வெள்ளிக்கிழமை பயான் பண்ணினார். பெண்கள் பயபக்தியோடு கேட்டுக்கொண்டார்கள். அடுத்த மாதம் அவருடைய மகனின் சுன்னத்துக்குச் சபூறாவைக் கூப்பிட வந்தவர் அந்த மௌலவியின் மனைவி.

இந்தச் சபூறாவுக்கு ஒரு காலத்தில் குரவையே வராமல் போயிருந்தது. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தது.

அதற்கு முன் சபூறா வீடு இருந்த ஒழுங்கையின், அந்தச் சின்னத் தெருவின், வழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். அங்கே வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியேறுவார். கல்யாணத்தன்று அவரைப் பைத் என்ற வாழ்த்துப் பாட்டுப் பாடி அழைத்துக்கொண்டு வருவார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் வருவார். ஊர்வலம் வாசல் கடப்படியில் நிற்கும். உள்ளே மறைப்புக்குப் பின்னால் இருக்கிற பெண்கள் குரவை போடுவார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் மாப்பிள்ளை வலது காலை எடுத்து வளவுக்குள் வைப்பார். எந்தக் கிதாபில் இது இருக்கிறது என்று கேட்டால் ஒருவரும் பதில் சொல்லமாட்டார்கள். ஆனால் குரவை கேட்காமல் உள்ளே வந்த மாப்பிள்ளை ஒருவரும் அந்த ஒழுங்கையில் இல்லை.

சபூறா கைக்குழந்தையாக இருந்தபோதே வாப்பா மௌத்தாகிவிட்டார். உம்மாவின் பெயர் சல்மா உம்மா. ஊரார் வீட்டு நெல்லை அவித்து, காயவைத்து, மில்லில் குற்றி அரிசியாக்கிக் கொடுத்துத்தான் மகளை வளர்த்தாள். ஒழுங்கையில் குரவைக்குப் பேர்போனவளும் அவள்தான். மகளுக்குப் பதின்மூன்று வயதானபோது மகளின் குரவை உம்மாவுடையதைத் தாண்டிப் போய்விட்டது. சல்மா உம்மாவுக்கு அதில் பொறாமை எதுவும் இல்லை, இனித் தொண்டைக்கு ஓய்வு என்று வெற்றிலையைக் கூட்டிக்கொண்டாள்.

பக்கத்து வளவில் றாஹிலா. அதற்கு அடுத்த வளவில் நதீரா. மூவரும் ஒரே வயதுக்காரிகள், ஒரே வகுப்பில் படித்து ஒன்றாகவே படிப்பை நிறுத்தியவர்கள். வளவுகளுக்கு நடுவே தென்னோலைக் கிடுகு வேலி இருந்தது. அந்த வேலியில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்குப் பொட்டும் இருந்தது. நதீராவின் வாப்பா அச்சிமுகம்மது வருடா வருடம் புதுக் கிடுகு கட்டி அந்தப் பொட்டை அடைப்பார். மறுநாள் அது பழைய இடத்தில் இருக்கும்.

எண்பத்தொன்றாம் ஆண்டு மாரிப்போகம் வெட்டி முடிந்த நேரம். சபூறாவுக்குப் பத்தொன்பது வயது. சல்மா உம்மா காய்ச்சலில் படுத்துவிட்டாள். அவித்துக் காயவைத்த நெல் மூட்டைகள் கிடந்தன. மில்லுக்குக் கொண்டுபோக ஆள் இல்லை. சொறிக்கல்முனையிலிருந்து வண்டிலோடு வரும் சின்னப்போடி அந்த ஒழுங்கைக்கு வாடிக்கையானவர். அவருடைய வண்டிலில் நெல்லை ஏற்றிக்கொண்டு சபூறாவே போனாள்.

மில்லின் முதலாளி பக்கீர் முகைதீன். சாய்ந்தமருதில் பிறந்து கல்முனைக்குடியில் பெண் எடுத்து வந்தவர். பள்ளிவாசலில் முன் வரிசையில் தொழுவார், கந்தூரிக்கு அரிசி கொடுப்பார், தெருவில் எந்தப் பெண்பிள்ளையைக் கண்டாலும் "என்ன மகள், சுகமா?" என்று கேட்பார். அன்றும் அப்படித்தான் கேட்டார். நெல் குற்றி முடிகிறவரையில் கோழிக்குக் கொஞ்சம் தவிடு அள்ளிக்கொள்ளச் சொன்னார். சபூறா தவிட்டறைக்குள் போனாள். பின்னால் அவரும் வந்தார். கதவின் கொளுக்கி விழுந்தது. இனி இந்தக் கதையில் அவருக்கு 'அவர்' கிடையாது.

நடந்ததை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. சபூறா வேண்டாம் என்றாள். அவன் கேட்கவில்லை. தள்ளினாள், கடித்தாள். ஊரைக் கூட்டுகிற அந்தத் தொண்டையிலிருந்து சத்தம் மட்டும் வரவில்லை. இயந்திரம் வெளியே ஓடிக்கொண்டிருந்தது. அது நின்ற நேரத்தில் சின்னப்போடி உரக்கக் கூப்பிட்டார்.

"புள்ள! வண்டில் வெளிக்கிடப் போகுது! எங்க நிக்கிறாய்?"

அவனுடைய பிடி தளர்ந்தது. சபூறா கொளுக்கியைத் தூக்கிவிட்டு வெளியே ஓடி வந்தாள். தலையிலும் முகத்திலும் தவிடு. சின்னப்போடி அவளைப் பார்த்தார், தவிட்டறைக் கதவைப் பார்த்தார். வண்டிலில் இருந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்து நீட்டினார்.

"முகத்தக் கழுவு புள்ள" என்றார். வீடு வரும்வரை அவளிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மாட்டோடு மட்டும் ஓயாமல் கதைத்துக்கொண்டு வந்தார், அன்றைக்கு மாட்டுக்கு விழுந்த ஏச்சு அதற்குரியது அல்ல.

சபூறா உம்மாவிடம் சொன்னாள். சல்மா உம்மா காய்ச்சலோடு எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினாள். பிறகு மகளைக் கட்டிக்கொண்டாள்.

"ஒருத்தருக்கிட்டயும் கதைச்சிராத மகள். வாய மூடிக்க. தகப்பனில்லாத புள்ள நீ. நாளைக்கு ஒன்னக் கேட்டு ஆரு வருவாங்க?"

சல்மா உம்மாவைக் குறை சொல்லுவது லேசு. அவளுக்குத் தெரிந்த ஊரில், இப்படியொரு கதை வெளியே வந்தால் நியாயம் கேட்டு அவனுடைய கதவை ஒருவரும் தட்டமாட்டார்கள், பெண் கேட்டு இவளுடைய கதவையும் ஒருவரும் தட்டமாட்டார்கள். அவனுடையது மரியாதையால், இவளுடையது மரியாதை போனதால். மகளைக் காப்பாற்ற அவளுக்குத் தெரிந்த ஒரே வழி வாயை மூடுவது. மகளும் மூடிக்கொண்டாள்.

சில நாளில் ஒரு சுன்னத்துக் கல்யாணம். எல்லாரும் சபூறாவைப் பார்த்தார்கள். சபூறா வாயைத் திறந்தாள். காற்று வந்தது. மறுபடி திறந்தாள். அதே காற்று.

ஊர் கூடி முடிவெடுத்தது, கண்ணூறு என்று. இவ்வளவு நல்ல குரலுக்குக் கண்படாமல் இருக்குமா? லெப்பை தண்ணீர் ஓதித் தந்தார். ஒருத்தி கற்கண்டும் மிளகும் கொண்டுவந்தாள், இன்னொருத்தி ஆடாதோடை இலையை அவித்துக் கொண்டுவந்தாள், மூன்றாமவள் பச்சை முட்டையை உடைத்து வாயில் ஊற்றினாள். சபூறா எல்லாவற்றையும் குடித்தாள். குரவை வராவிட்டாலும் அந்த மாதம் அவள் கொஞ்சம் சதைபோட்டாள் என்று றாஹிலா பிற்காலத்தில் சொல்வதுண்டு.

அந்த நாட்களில் சபூறா கல்யாணம் கந்தூரி எதற்கும் போகவில்லை. யாராவது தன்னை உற்றுப் பார்த்தால் அவர்களுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தாள். பார்க்காமல் போனாலும் தெரிந்துவிட்டதால்தான் பார்க்கவில்லை என்று நினைத்தாள். தலையில் இன்னும் தவிட்டு வாடை வருகிறது என்று கிணற்றடியில் மறுபடி மறுபடி குளித்தாள். மற்றவர்களோடு ஒரு பாயில் உட்காரத் தனக்கு இனி அருகதை இல்லை என்று அவள் மனதில் விழுந்துவிட்டது. செய்தவன் முன் வரிசையில் தொழுதுகொண்டிருந்தான், வெட்கம் மட்டும் இவளிடம் வந்து கிடந்தது.

ஆனால் வேலியில் பொட்டு இருந்தது. சபூறா வெளியே வராவிட்டால் என்ன, றாஹிலாவும் நதீராவும் உள்ளே வந்தார்கள். பகல் சோறு முடிந்ததும் வந்துவிடுவார்கள். ஒருத்தி தைக்கிற சட்டையோடு வருவாள், மற்றவள் புடைக்கிற அரிசியோடு வருவாள். என்ன நடந்தது என்று அவர்கள் கேட்கவில்லை. ஊர்வம்பு அத்தனையையும் கொண்டுவந்து கொட்டினார்கள், சபூறா பேசாவிட்டால் அவளுக்கும் சேர்த்துத் தாங்களே பேசினார்கள்.

"நீ கதைக்காட்டிப் பறவால்லகா" என்றாள் றாஹிலா. "கேக்கிறதுக்கு எங்களுக்கு ஒரு ஆள் வேணும்."

ஒருநாள் றாஹிலா, லெப்பை தண்ணீர் ஓதி ஊதுவது எப்படி என்று நடித்துக் காட்டினாள். கன்னத்தை உப்பிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, பின்னால் பின்னால் நடந்து ஊதினாள். பின்னால் சல்மா உம்மா நெல் ஊறப்போட்ட தொட்டி இருந்தது. கால் தடுக்கி அதற்குள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முக்காடு மிதந்தது. நதீரா சிரிக்குமுன் சபூறா சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நிலத்தில் குந்திக்கொண்டு, மூச்சு முட்டச் சிரித்தாள். மில்லுக்குப் போய் வந்த பிறகு அவள் சிரித்த முதல் சிரிப்பு அது. தொட்டிக்குள் இருந்த றாஹிலா எழும்பவே மறந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிறுபோகம் வெட்டுகிற காலத்தில் நதீராவுக்கு மாப்பிள்ளை பொருந்தியது. சாய்ந்தமருது ஸலாஹுதீன் மாஸ்டர். நல்ல மனிதர், அமைதியானவர், படிப்பிக்கிற பிள்ளைகளுக்கு அடிக்காதவர். நதீரா வெட்கத்தோடும் சந்தோசத்தோடும் பொட்டால் நுழைந்து வந்து சொன்னாள்.

"கைய புடிச்சிக் கூட்டிட்டு வாறது ஆரு தெரியுமா? மில் மொதலாளிதான் அவருக்குத் தாய்மாமா."

சபூறாவின் கையிலிருந்த சுளகு விழுந்தது. அரிசி முற்றமெல்லாம் சிதறியது.

அவள் குனிந்து பொறுக்கத் தொடங்கினாள். றாஹிலா பக்கத்தில் குந்தி அவளுடைய கையைப் பிடித்தாள். "அரிசி கெடக்கட்டும்" என்றாள். அப்போதுதான் சபூறா சொன்னாள். தவிட்டறை, கொளுக்கி, சின்னப்போடியின் குரல், உம்மா சாத்திய கதவு எல்லாம் சொன்னாள். சொல்லி முடித்ததும் இருவரும் எழும்பிப் போய்விடுவார்கள் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒருத்தியும் எழும்பவில்லை.

"அந்தக் கொளுக்கி எனக்கும் தெரியும்" என்றாள் றாஹிலா. அவளுடைய குரலில் பகிடி இல்லை. "பதினாறு வயசில. எனக்கு அண்டைக்கு எங்கட மூத்த காக்கா வந்திட்டார் கூட்டிட்டுப் போக. அதால தப்பின நான். ஒங்களுக்கிட்டயும் நான் சொல்லல்ல."

மூவரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழுதார்கள். பிறகு நதீரா மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நான் இந்தக் கல்யாணம் வேணாம் எண்டு சொல்லுறன்" என்றாள்.

"பைத்தியமாகா ஒனக்கு?" என்றாள் சபூறா. "மாஸ்டர் என்ன செஞ்சார்? நீ முடி. நான் வரமாட்டன், அவ்வளவுதான். அவன் முன்னுக்கு வந்து நிக்க, என்ட வாயால குரவை வராது."

"நீ இல்லாட்டி நானும் குரவை போடல்ல" என்றாள் றாஹிலா.

மூவரில் பயந்தவள் நதீராதான், பல்லியைக் கண்டாலும் பாயில் ஏறி நிற்கிறவள். அவள் சொன்னாள்:

"வீடு என்ட. கடப்படியும் என்ட. மாஸ்டருக்குக் குரவை இரிக்கி. அந்தாள்ட கையப் புடிச்சிட்டு வாற வரைக்கும் இல்ல."

விளையாட்டல்ல இது. மாப்பிள்ளை வீட்டார் கோபித்துக்கொண்டு கடப்படியில் இருந்து திரும்பிவிட்டால் நதீராவின் வாழ்வு போய்விடும். யாரால் போயிற்று என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வி சபூறாவிடம் வந்து நிற்கும். பிறகு எந்த வீட்டுக் கல்யாணத்துக்கும் அவளை ஒருவரும் கூப்பிடமாட்டார்கள், எந்த வீட்டு வேலியிலும் அவளுக்குப் பொட்டு இருக்காது. சபூறாவுக்கு அது நன்றாகத் தெரியும். வேண்டாம் என்று கெஞ்சினாள். றாஹிலா காதில் வாங்கவில்லை. அன்று பின்னேரமே அவள் வேலைக்கு இறங்கிவிட்டாள்.

சேதி வேலிப் பொட்டுகளால் போனது. மில்லுக்காரனுக்குக் குரவை இல்லை. அவ்வளவுதான் சேதி. சபூறாவின் பெயர் அதில் இல்லை, காரணமும் இல்லை. ஏன் என்று யாராவது கேட்டால் என்ன சொல்லுவது என்று மூவரும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். ஒரு பொய்யைக்கூடத் தயாராக வைத்திருந்தார்கள்.

ஒருத்தியும் ஏன் என்று கேட்கவில்லை. பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள் தலையை ஆட்டினாள். மீன் வெட்டிக்கொண்டிருந்தவள் "ம்" என்று சொல்லிக் கத்தியை இன்னும் ஓங்கி இறக்கினாள். கேள்வி இல்லாமல் சேதி ஒழுங்கையின் அந்தத் தலைக்குப் போய்ச் சேர்ந்தது. றாஹிலா வந்து இதைச் சொன்னபோது சபூறா ஒழுங்கை வீடுகளை மனதுக்குள் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். இத்தனை வீட்டிலுமா?

சல்மா உம்மாவின் காதிலும் அது விழுந்தது. அவள் மகளைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சபூறாவுக்கு அதுதான் பயம். மற்றவர்கள் எல்லாரும் வாயை மூடினாலும், கல்யாணம் குழம்பிவிடும் என்று பயந்து உம்மா ஒரு குரவை போட்டால் போதும். ஒருத்தி தொடங்கினால் மற்றவர்களின் நாக்கும் தானாகச் சுழன்றுவிடும்.

கல்யாண நாள் வந்தது. றாஹிலா வந்து சபூறாவை இழுத்துக்கொண்டு போனாள். அசறு தொழுகை முடிந்ததும் தெருவில் பைத் சத்தம் கேட்டது. சாய்ந்தமருதுப் பெண்கள் முன்கூட்டியே வந்து, பெண்ணை அலங்கரித்துவிட்டு, மறைப்புக்குப் பின்னால் இந்த ஊர்ப் பெண்களோடு பாயில் நிறைந்திருந்தார்கள். கிடுகின் இடுக்கால் சபூறா பார்த்தாள். வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக ஸலாஹுதீன் மாஸ்டர் வியர்த்துக்கொண்டு வந்தார். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, அத்தர் மணக்க, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு பக்கீர் முகைதீன் வந்தான். கடப்படியில் நின்றார்கள். பைத் நின்றது.

குரவை வரவில்லை.

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. பெண்கள் கவனிக்கவில்லையாக்கும் என்று பைத்காரர்கள் கடைசி அடியை மறுபடி உரக்கப் பாடினார்கள். பாடி நிறுத்தினார்கள். முருங்கை மரத்தில் காகம் கத்தியது. பெண்ணின் வாப்பா அச்சிமுகம்மது சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறைப்பைச் சுற்றி ஓடி வந்தார்.

"என்னகா இது? எல்லாரும் மௌத்தா போயிட்டீங்களா? மாப்புள வெயில்ல நிக்கிறார்!"

பெண்கள் பாயைப் பார்த்தார்கள். சிலர் தூங்குகிற பிள்ளையைத் தட்டிக்கொடுத்தார்கள். அச்சிமுகம்மதுவின் கண் சல்மா உம்மாவில் போய் விழுந்தது.

"சல்மா ராத்தா! நீங்களாவது ஒண்டு போடுங்க!"

சபூறா உம்மாவைப் பார்த்தாள். சல்மா உம்மா ஆறுதலாக வெற்றிலைத் தட்டை இழுத்தாள். ஒரு வெற்றிலையை மடித்து வாயில் வைத்தாள். இன்னொன்றை மடித்து வைத்தாள். அதற்கு மேல் ஒரு துண்டுப் பாக்கையும் புகையிலையையும் அடைத்தாள். இரண்டு கன்னமும் புடைத்து நின்றன. வாயைச் சுட்டிக் காட்டி, கதைக்க ஏலாது என்று கையை விரித்தாள். மகளுக்கு வாயை மூடச் சொன்ன உம்மா அன்றைக்கு ஊருக்கு முன்னால் தன்னுடைய வாயை மூடிக்கொண்டாள். அந்த வெற்றிலைச் சாறு உதட்டோரம் வழிய அவள் மகளைப் பார்த்த பார்வையைச் சபூறா சாகும்வரை மறக்கமாட்டாள்.

அச்சிமுகம்மது தலையில் கைவைத்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுப் பெண்களிடம் திரும்பினார். பெண் வீட்டார் பிந்தினால் மாப்பிள்ளை வீட்டார் போட்டியாகத் தொடங்கிவிடுவது வழக்கம். விட்டால் போதும் என்று காத்திருக்கிறவர்கள் அவர்கள். அந்தப் பெண்களும் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் தங்கச்சி ஸுல்பிகா ஒருத்திதான் நிமிர்ந்து இருந்தாள். அவளும் உதட்டை இறுக்கியிருந்தாள்.

அப்போது றாஹிலா மறைப்புக்குப் பின்னாலிருந்து, வெளியே எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்:

"மாப்புளக்கிக் கண் தெரியுந்தானே? கால் ரெண்டும் நல்லாத்தானே இரிக்கி? கையப் புடிச்சி இழுக்கிறதுக்கு ஒரு ஆள் என்னத்துக்கு? அவர் தனிய வரட்டும். குரவை வரும்."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. பக்கீர் முகைதீனும் சிரித்தான். பெண்கள் ஏதோ விளையாடுகிறார்கள் என்று நினைத்து மாப்பிள்ளையை இழுத்துக்கொண்டு ஒரு காலை முன்னால் வைத்தான். மறைப்புக்குப் பின்னால் ஒரு நாக்கும் சுழலவில்லை. ஸலாஹுதீன் மாஸ்டர் அசையவில்லை. அவருடைய கண் கிடுகு இடுக்கில் தெரிந்த தங்கச்சியின் முகத்தில் நின்றது. ஸுல்பிகா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவருக்கு என்ன விளங்கியதோ தெரியாது. ஆனால் அவர் மெதுவாகத் தன் கையை விடுவித்துக்கொண்டார்.

"நீங்க பின்னுக்கு வாங்க மாமா. நான் நடந்து போறன்."

பக்கீர் முகைதீனுடைய சிரிப்பு உதட்டில் அப்படியே நின்றது. அவன் மறைப்பைப் பார்த்தான். கிடுகின் ஒவ்வோர் இடுக்கிலும் ஒரு கண் இருந்தது. அந்தக் கண்கள் எல்லாம் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்தன. செருப்பு அறுந்துவிட்டது என்று யாருக்கோ சொல்லிக்கொண்டு பின்னால் நகர்ந்தான். கூட்டம் வழிவிட்டது. அவனுடைய செருப்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

இப்போது மாஸ்டர் தனியே நின்றார். றாஹிலா தொடங்கவில்லை, நதீராவின் உம்மா தொடங்கவில்லை. பாயிலிருந்த அத்தனை பெண்களும் சபூறாவைப் பார்த்தார்கள். அவளுக்காகக் காத்திருந்தார்கள்.

சபூறா வாயைத் திறந்தாள். காற்று வந்தது. அவள் வாயை மூடவில்லை. நாக்கு ஒருமுறை தடுமாறியது, மறுமுறை சுழன்றது, அடிவயிற்றிலிருந்து கிளம்பிய சத்தம் கிடுகு மறைப்பைத் தாண்டி, பந்தலைத் தாண்டி, முருங்கையில் இருந்த காகத்தைக் கலைத்துக்கொண்டு பெரிய தெருவுக்குப் போனது. பைத்காரர் ஒருவர் துள்ளி விழுந்தார். கட்டியிருந்த ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. மற்றப் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள், இந்த ஊர், அந்த ஊர் என்ற பேதமில்லாமல் எல்லாரும் போட்டார்கள். சல்மா உம்மா வெற்றிலையை முற்றத்தில் துப்பிவிட்டு வந்து போட்டாள். ஸலாஹுதீன் மாஸ்டர் வலது காலை எடுத்து வைத்தார், பயத்தில் கொஞ்சம் வேகமாகவே உள்ளே வந்துவிட்டார். உள்ளறையில் மணப்பெண் கண்மையெல்லாம் கரைய அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தாள்.

பக்கீர் முகைதீன் சாப்பிட நிற்கவில்லை. சீனி வருத்தம், கல்யாணச் சோறு ஆகாது என்று சொல்லிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு அந்த ஒழுங்கை நெல் ஒரு மணியும் அவனுடைய மில்லுக்குப் போகவில்லை. சின்னப்போடி வண்டிலைத் திருப்பி நற்பிட்டிமுனை மில்லுக்கு ஓட்டினார், தூரம் கூட என்று ஒருநாளும் முணுமுணுக்கவில்லை.

கல்யாண வீட்டில் சோறு வந்தது. ஆறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடுகிற பெரிய சஹன்களைப் பாய்களில் வைத்துக்கொண்டு போனார்கள். சபூறா பழக்கதோசத்தில் அடுப்படிப் பக்கம் ஒதுங்கப் பார்த்தாள். றாஹிலா அவளுடைய முக்காட்டைப் பிடித்து இழுத்துச் சஹனில் உட்காரவைத்தாள். பக்கத்துப் பெண்கள் இறைச்சித் துண்டுகளை அவளுடைய பக்கம் ஒதுக்கினார்கள். "தின்னுகா, தொண்ட காஞ்சிருக்கும்" என்றாள் ஒருத்தி.

மாப்பிள்ளையின் தங்கச்சி ஸுல்பிகா எந்தச் சஹனிலும் உட்காராமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சபூறா நிமிர்ந்து பார்த்தாள்.

"வாகா, இஞ்ச வந்து இரி."

"ஆறு பேர் இரிக்கீங்களே."

"ஏழு பேர் திண்டா சோறு கோவிக்குமா?"

ஸுல்பிகா வந்து இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு சபூறாவின் காதோடு சொன்னாள்:

"எனக்கு அந்த மாமா வீட்டுக்கு வாற நாளையில எல்லாம் பக்கத்து வீட்டுக்கு ஓடுறதுதான் வேல. எனக்கு மட்டுந்தான் எண்டு நினைச்சிட்டிருந்த நான். இண்டைக்குக் காலத்தால நாங்க வந்தவொடன ஒங்கட சேதி எனக்கிட்ட வந்திச்சி. எங்கட பொண்டுகளுக்கு நான் மெதுவாச் சொன்னன். ஏன் எண்டு ஒருத்தியும் கேக்கல்ல ராத்தா."

சபூறா எடுத்த கவளம் கையிலேயே நின்றது. அவள் பாய்களைப் பார்த்தாள். சாய்ந்தமருதுப் பெண்கள், கல்முனைக்குடிப் பெண்கள், பிள்ளை பெற்றவர்கள், பேரன் கண்டவர்கள், நேற்றுப் பள்ளிக்கூடம் விட்டவர்கள். எல்லாரும் சிரித்துப் பேசிச் சோறு தின்றுகொண்டிருந்தார்கள். இத்தனை மாதம் தனக்கு இடமில்லை என்று அவள் நினைத்திருந்த பாய் இதுதான். அவளுக்கு அழுகை வந்தது. அழுகையைத் தள்ளிக்கொண்டு சிரிப்பும் வந்தது.

"றாஹிலா, கேட்டியாகா?" என்றாள். "நாம கனபேர் இரிக்கம்."

பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, வீடு முழுக்கக் கேட்க, இன்னொரு சஹன் கொண்டாங்கோ என்று கத்தினாள். சஹன் வந்தது.